இன்சுலின் ஊசியும் தவக்குலும்

சென்ற ஷஅபான் மாதத்தில் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்த பின்னர், நெல்பேட்டைப் பக்கத்துச் சகோதரர் ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு பள்ளிவாசல் ஹவுளுக்கு அருகில் வந்து அமர்ந்தார். பையனுக்கு வயது 12. மதரஸாவில் குர்ஆன் ஓதி வருபவன். எட்டு மாதங்களுக்கு முன்பு அவனுக்குச் சர்க்கரை நோய் கண்டது. பெரியவர்களுக்கு வயது ஏறிய பிறகு வருகிறதே, அந்த வகையன்று. உடல் இன்சுலினையே சுரக்காமல் நின்றுவிடும் வகை. நாளொன்றுக்கு நான்கு ஊசி. தகப்பனார் கறிக்கடையில் கூலிக்கு நிற்பவர்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். இவன் மாமு துபாய்ல இருக்காரு. போன்ல ஒரு மிஷின் படம் அனுப்பியிருக்காரு. இடுப்புல மாட்டிக்கிட்டா அதுவே மருந்தை உள்ள விடுமாம், நாலு தடவை குத்த வேணாமாம். லட்சக்கணக்குல ஆகும்னு சொல்றாங்க. மாசாமாசம் அதுக்குச் சாமான் வேற வாங்கணும். எங்கிட்ட இருக்கறது பொம்பளையோட ஒரு சங்கிலி, அதுவும் அடகுல. சொந்தக்காரங்க, பெத்த புள்ளைக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்னு கேக்கறாங்க. வட்டிக்கு வாங்கியாவது போடுங்கறாங்க. எங்க பெரியத்தா என்னடான்னா ஊசியே வேணாம், ஓதிப் பார்த்து அல்லாஹ் மேல பாரத்தைப் போடுங்கறாரு. நான் மிஷின் வாங்காம இந்த ஊசியையே போட்டுக்கிட்டிருந்தா நாளை மறுமையில அல்லாஹ் என்னைப் பிடிப்பானா?"

ஒரு வாரம் தவணை கேட்டு அனுப்பி வைத்தேன். "என்ன ஹஜ்ரத், இதற்கு ஒரு வாரமா?" என்று முஅத்தின் கேட்டார். அதற்கு ஒரு காரணமுண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தத் தகப்பனாரை இரு குரல்கள் இரு பக்கம் இழுத்தன. ஒன்று, மருந்தை விட்டுவிடுவதே ஈமானின் உறுதி என்றது. மற்றொன்று, உலகில் இருப்பதிலேயே உயர்ந்த கருவியை வாங்காதவன் அமானிதத்துக்குத் துரோகம் செய்தவன் என்றது. இவை ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை போலத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில்தான் தவறுகின்றன. எது மூலப் பொருள், எது அதைக் கொண்டுவரும் பாத்திரம் என்பதை இரண்டுமே பிரித்துப் பார்க்கவில்லை.

முதற் குரலை எடுத்துக்கொள்வோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தவக்குலைப் பற்றிப் பேசும் பகுதியில், தீங்கை நீக்கும் காரணங்களை மூன்று தரமாக வகுக்கிறார்கள். பலன் உறுதியானது ஒன்று. பசிக்கு ரொட்டியும் தாகத்துக்குத் தண்ணீரும் அத்தகையவை. பலன் பெரும்பாலும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கத்தக்கது மற்றொன்று. வைத்தியர்களின் பெரும்பாலான மருந்துகள் அத்தரத்தவை. வெறும் யூகத்தைச் சார்ந்தது மூன்றாவது. மூன்றாவதை விடுவது தவக்குலின் அடையாளம்; இரண்டாவதைக் கொள்வது தவக்குலுக்கு முரணாகாது; முதலாவதை விடுவதோ தவக்குலே ஆகாது, உயிர்ப் பயம் இருக்கும்போது அது ஹராம் என்பது அவர்களின் முடிவு. ஹனஃபி மத்ஹபின் ஃபதாவா ஆலம்கீரியிலும் இதே மூன்று தரப் பகுப்பைக் காணலாம். ஆகவே நம் மதுரையில் ராவுத்தர் வீட்டிலும் ஷாஃபிஈ வீட்டிலும் இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

இப்போது கேள்வி, இன்சுலின் எந்தத் தரம் என்பதே. இமாம் அவர்கள் ஹிஜ்ரி 505 இல் வஃபாத்தானவர்கள். இன்சுலினை அவர்கள் அறியமாட்டார்கள். நாம்தான் பொருத்திப் பார்க்க வேண்டும். 1922 ஜனவரிக்கு முன்னர் இந்தப் பையனுடைய வகை நோய் கண்ட குழந்தைகள் சில மாதங்களோ, மிஞ்சினால் ஓரிரு வருடங்களோ உயிரோடிருந்தார்கள். பட்டினி போட்டு நாளை நீட்டிப்பதைத் தவிர வைத்தியர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. அம்மாதம் கனடா நாட்டின் டொராண்டோ நகர ஆஸ்பத்திரியில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஊசி போடப்பட்டது. முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. சாற்றைச் சுத்தப்படுத்தி மறுபடியும் போட்டார்கள். மரண வாயிலில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தான். அதன் பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு டாலருக்குக் கொடுக்கப்பட்ட பொருள் இன்று சில நாடுகளில் என்ன விலைக்கு விற்கிறது என்பது வேறு கதை.

அப்படியானால் சுரப்பே நின்றுபோன உடலுக்கு இன்சுலின் என்பது மருந்து என்ற பெயரில் வந்திருக்கும் ரொட்டியன்றோ! ரொட்டி பசியைக் குணப்படுத்துவதில்லை. இன்று தின்றவனுக்கு நாளையும் பசிக்கும். "ஆயுளுக்கும் ஊசி போட வேண்டும் என்றால் அது என்ன வைத்தியம்?" என்று பெரியத்தா கேட்டாராம். ஆயுளுக்கும் சோறு தின்ன வேண்டியிருக்கிறதே என்று சோற்றை யாரும் பழித்ததில்லை. ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. ஓதட்டும், ஊசியைப் போட்டுக்கொண்டே ஓதட்டும். கையை உணவின் பக்கம் நீட்டாமல் அல்லாஹ் வயிற்றில் நிறைவைப் படைப்பான் என்று காத்திருப்பவனை இமாம் அவர்கள் முதவக்கில் என்று அழைக்கவில்லை, அறிவற்றவன் என்றே கருதினார்கள்.

முதிர்ந்த வயதில் வரும் வகைக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். அங்கே உணவுக் கட்டுப்பாடும் நடையும் மாத்திரையும் பல வருடங்கள் தாங்கும். பிறகே பலருக்கு இன்சுலின் தேவைப்படும். ஆனால் டாக்டர் இன்சுலின் என்றவுடன் "கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டேன்" என்று அழுது, ஆறு மாதம் ஒளிந்து திரிந்து, பின்னர் கால் புண்ணோடும் மங்கிய பார்வையோடும் வருபவர்கள் நம் மஹல்லாவில் எத்தனை பேர்! டாக்டர் வெங்கடசாமி அவர்கள் 1976 இல் இதே மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில், சர்க்கரையால் விழித்திரை பழுதுபட்டு வருபவர்களுக்கென்றே இன்று தனி மருத்துவம் நடக்கிறது. பார்வை போன பின்பு குர்ஆனை எதைக்கொண்டு பார்த்து ஓதுவது?

பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பதாயிற்றே என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் பன்றியிலிருந்தும் மாட்டிலிருந்தும் எடுத்தது உண்மை. 1982 இல் நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலின் செய்து விற்பனைக்கு வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு இன்று வேலையில்லை.

ஒரு வாரம் தவணை கேட்ட காரணத்துக்கு இப்போது வருகிறேன்.

நான் இமாமத்துக்கு வந்த புதிதில், ரமலானின் முதல் வெள்ளியன்று பயான் செய்தேன். இருபத்தாறு, இருபத்தேழு வயது. நாவில் வேகம் இருந்தது. நோயோடும் நோன்பை விடாத முன்னோர்களின் சம்பவங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன். நோயாளிக்கு உள்ள சலுகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன் வரிசையில் எப்போதும் அமரும் ஒரு பெரியவர், இன்சுலின் போடுபவர், டாக்டர் தடுத்தும் நோன்பு பிடித்தார். ஸஹரில் வழக்கமான அளவையே ஊசியாகப் போட்டுக்கொண்டார். பதினேழாம் நோன்பன்று அஸருக்குப் பிறகு வியர்த்தது, கை நடுங்கியது. அவருடைய மனைவி சர்க்கரைத் தண்ணீரைக் கலக்கி நீட்டினார். "இன்னும் கொஞ்ச நேரம்தானே, பாங்கு சொல்லட்டும்" என்று தட்டிவிட்டார். பாங்கு சொன்னபோது அவருக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். நான் பார்க்கப் போனபோது என் மீது அவருக்குக் கோபமில்லை. "ஹஜ்ரத் பயான்ல சொன்னீங்களே, அதான் விடக் கூடாதுன்னு இருந்தேன்" என்று பெருமையோடு சொன்னார். அந்தப் பெருமைதான் என்னைத் தூங்க விடவில்லை.

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவத்தை மதரஸாவில் ஏழாண்டு ஓதிய நான் அறியாதவனல்லன். பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்லடி பட்டுக் காயம். இரவில் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, சலுகை இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள், அவரைக் கொன்றவர்கள் அந்தத் தோழர்களே என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்றார்கள். பிக்ஹுப் பாடத்தில் இந்த ஹதீஸைத் தயம்முமுக்கு ஆதாரமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அது மிம்பரில் நிற்பவனைப் பற்றிய ஹதீஸ் என்பது ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் எனக்கு உறைத்தது.

அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 ஆம் வசனங்களில் நோயாளிக்கு வழிவிட்டவன் அல்லாஹ். அந்த வழியை அடைக்க எனக்கு என்ன உரிமை? தோலுக்கடியில் போடும் இன்சுலின் ஊசியால் நோன்பு முறியாது. அது திறந்த துவாரத்தின் வழியே குடலுக்குள் போவதுமன்று, உணவுமன்று. ஜித்தாவின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1997 இல் கூடிய தன் பத்தாம் அமர்வில் இவ்விதமே தீர்மானித்தது. விரல் நுனியில் குத்திப் பரிசோதிப்பதாலும் நோன்பு போகாது. ஆனால் "ஊசியால் முறியாது" என்பது "நீ பிடித்தே ஆக வேண்டும்" என்பதாகிவிடாது. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் நோன்பை அப்போதே விட வேண்டும் என்று டாக்டர்கள் கூறுகிறார்கள். மஃரிபுக்கு ஐந்து நிமிடம் இருந்தாலும் சரியே. இந்தப் பையனுடைய வகை நோயாளிகளுக்கு நோன்பு மிகுந்த ஆபத்துடையது என்பதும் அவர்கள் சொல்வதே. அவன் இன்னும் பருவம் அடையாதவன்; அவன் மீது நோன்பு கடமையே இல்லை. நாளை கடமையாகும் வயதில், டாக்டர் கூடாது என்றால், நோய் தீராத வகையாதலால் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிப்பான்.

இனி இரண்டாவது குரல். அதுதான் கடினமானது, ஏனெனில் அது அன்பின் குரலாக வருகிறது.

அந்த ஒரு வாரத்தில் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் போய் அந்த மிஷினைப் பற்றிக் கேட்டேன். சிறிய செல்போன் அளவு பெட்டி. உள்ளே இன்சுலின். ஒரு மெல்லிய குழாய். அதன் முனை வயிற்றுத் தோலுக்கடியில் ஒட்டுப்பட்டையோடு இருக்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை அதை மாற்றி வேறு இடத்தில் பொருத்த வேண்டும். துளித் துளியாக நாள் முழுவதும் இறங்கும். சாப்பிடும்போது அளவைச் சொல்லிப் பொத்தானை அழுத்த வேண்டும். சர்க்கரையைத் தானே அளந்து தானே கூட்டிக் குறைக்கும் வகைகளும் வந்துவிட்டன. மிகச் சிறிய அளவு தேவைப்படும் பச்சிளம் குழந்தைகளுக்கும், இரவில் அடிக்கடி சர்க்கரை இறங்கிப்போகும் சிலருக்கும் அது பெரும் உதவி என்றார். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மிஷின் வைத்திருப்பவனும் என்ன தின்றோம் என்று கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். அதில் போவது விரைவில் தீர்ந்துவிடும் இன்சுலின் மட்டுமே. குழாய் மடங்கினாலோ பெட்டி நின்றாலோ சில மணி நேரத்தில் உடலில் இன்சுலின் இல்லாமல் போய் உயிருக்கே ஆபத்தாகும். அப்போது கைகொடுப்பது எது? அதே ஊசி.

ஆக, ரொட்டி ஒன்றுதான். கையால் எடுத்துத் தின்பவன் ஒருவன், வெள்ளிக் கரண்டியால் தின்பவன் ஒருவன். நம் உஸூல் நூல்களில் ளரூரிய்யாத், ஹாஜிய்யாத், தஹ்ஸீனிய்யாத் என்று மூன்று படிகள் உண்டு. உயிர் நிற்கத் தேவையானது, சிரமம் நீங்கத் தேவையானது, வாழ்வு அழகுபடத் தேவையானது. இன்சுலின் முதற்படி. அதில் குறை வைத்தால் தகப்பன் குற்றவாளியே. மிஷின் பலருக்கு மூன்றாம் படி. சிலருக்கு இரண்டாம் படி. இந்தப் பையனுக்கு அது முதற்படியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை. ஊசியைக் கொண்டே அவனை நன்றாக வைத்திருக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். மூன்றாம் படியை எட்டுவதற்காக வட்டி என்னும் ஹராமில் இறங்குவதற்கு எந்த மத்ஹபிலும் அனுமதி கிடையாது.

ஆனால் "அப்படியானால் ஊசி போதும், போங்கள்" என்று அவரை அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. ஊசியைத் தேர்ந்தவன் மிஷின் செய்ய வேண்டிய வேலையைத் தன் கையால் செய்ய ஒப்புக்கொள்கிறான். அந்த வேலை லேசானதன்று. நாள் முழுவதும் நிற்கும் இன்சுலின் ஒரு வேளை, ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்பும் விரைவானது ஒரு வேளை. ஒரே இடத்தில் குத்தக் கூடாது. வயிறு, தொடை என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வலிக்காத இடம் என்று ஒரே இடத்தில் குத்தினால் அங்கே தோல் தடித்து மருந்து சரியாக ஏறாது. நம் நாட்டுக் குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40க்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்குரியது ஆரஞ்சு. 100 குப்பியை 40 சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். மருந்துக் கடையில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்ததைப் பார்க்காமல் வாங்கி வருவதை விதி என்று சொல்லக் கூடாது. அது கவனக்குறைவு.

மதுரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். சித்திரையில் 40 டிகிரி. பிரிக்காத குப்பியை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், உறையும் பெட்டியில் கூடாது. உறைந்த இன்சுலின் வீண். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், மானாமதுரைப் பானை ஒன்றில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் சிறு பானையை நிறுத்தி, அதில் குப்பியை வைத்து நிழலில் வைக்கலாம். டாக்டர்களே சொல்லும் முறைதான் இது. மேலூருக்கோ திருமங்கலத்துக்கோ பஸ்ஸில் போகும்போது குப்பி கைப்பையில், நம் மடியில் இருக்கட்டும்.

ஒரு வாரம் கழித்து அவர் வந்தபோது இவற்றையெல்லாம் சொன்னேன். இன்சுலினை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக வாங்குவதாகச் சொன்னார். பின் எதில் கஷ்டம் என்று கேட்டேன். பரிசோதனை ஸ்டிரிப்பில் என்றார். நாளைக்கு நான்கு என்றால் மாதம் 120. ஒன்று பதினைந்து இருபது ரூபாய். அதனால் நாளைக்கு ஒரு தடவை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற வேளை குத்துமதிப்பாக ஊசி போடுகிறாராம். மறுமையில் கேள்வி இருக்குமானால் மிஷினைப் பற்றியன்று, இதைப் பற்றித்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. அந்தக் கேள்வியும் அவரிடம் மட்டும் கேட்கப்படாது. அந்த வருடம்தான் நம் ஜமாஅத்தில் வசூல் செய்து உள்பள்ளிக்குக் குளிர்சாதனம் பொருத்தினோம். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஒரு கூலிக்காரரின் மகனுக்கு ஸ்டிரிப் வாங்கிக் கொடுப்பது எந்த அட்டவணையிலும் இல்லாமல் போயிற்று. நிர்வாகிகளிடம் பேசினேன். இப்போது இரண்டு வீட்டார் தம் ஜகாத்திலிருந்து பொறுப்பேற்றிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் வலீமா விருந்துகளில் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு ஊசி போட்டுக்கொண்டு பந்திக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதம், துஆ நீளுகிறது, முதல் பந்தி முக்கியஸ்தர்களுக்கு. உள்ளே போன இன்சுலின் முக்கியஸ்தரைப் பார்த்துக் காத்திராது. வெட்கத்தால் அவர் வாய் திறப்பதில்லை. கழிவறையில் ஒளிந்து ஊசி போட்டுக்கொண்டு வந்தவர் எப்படிச் சொல்வார்? விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது சுன்னத் என்று அழைப்பிதழில் அச்சடிக்கும் நாம், ஊசி போட்டவர்களுக்கு முதலில் சோறு வையுங்கள் என்று சமையல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் என்ன?

மிஷினைப் பற்றி அந்தத் தகப்பனாருக்கு நான் சொன்னது இதுதான்: அவன் மாமு தம் சொந்தக் காசில், வட்டியில்லாமல், மாதச் செலவையும் ஏற்று வாங்கிக் கொடுத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். கடமையான குளிப்பின்போது பெட்டியைக் கழற்றி வைக்கலாம். ஒட்டுப்பட்டைக்குக் கீழே தண்ணீர் படாதது காயக்கட்டின் சட்டத்தில் வரும், அந்த நாள் வரும்போது விவரமாகச் சொல்கிறேன். கொடுக்காவிட்டால் இந்த ஊசியைக் கொண்டே அவனைக் கவனமாக வளருங்கள். அதற்காக அல்லாஹ் உங்களைப் பிடிப்பான் என்று எந்தக் கிதாபிலும் நான் காணவில்லை.

அவர் எழுந்துவிட்டார். அதுவரை பேசாதிருந்த பையன்தான் கேட்டான்: "ஹஜ்ரத், தராவீஹ்ல சட்டைப் பையில சர்க்கரைப் பொட்டலம் வச்சுக்கலாமா? தொழுகையில கை நடுங்குச்சுன்னா என்ன செய்யறது?" வைத்துக்கொள் என்றேன். நடுங்கினால் எந்த ரக்அத்தாக இருந்தாலும் தொழுகையை முறித்துவிட்டு உடனே வாயில் போட்டுக்கொள். தொழுகையைப் பிறகு தொழுதுகொள்ளலாம். முதல் வரிசையிலிருந்து யாராவது முறைத்தால், இமாம்தான் சொன்னார் என்று சொல்.